சீக்குக் கோழியும் சிறுவாட்டுப் பணமும்

நூல் விலை, தறிக் கூலி, பயிர்க் கடன், ஈவுத்தொகை ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசிவரும் இவ்விதழில் சீக்குக் கோழிக்கு என்ன இடம் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். வினவுவது இயல்பே. ஆயினும், சங்கத்தின் பேரேட்டில் ஏறாத வரவு ஒன்று நம் உறுப்பினர் வீடுகளில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. அதுவே நம் பெண்மக்களின் சிறுவாட்டுப் பணம். முட்டை விற்ற காசும், நோன்பு நாளில் சேவல் விற்ற காசும் அடுக்களைப் பானையில் சேர்ந்து, பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், பாவு கிடைக்காத வாரத்தின் அரிசிக்கும் உதவி வருகின்றன. அந்த வரவைத் தருபவை கொல்லையில் மேயும் பத்துப் பன்னிரண்டு கோழிகளே. அவற்றிற்கு நோய் கண்டுவிட்டால், மருந்து கொடுத்துக் காப்பதா, கொன்று புதைப்பதா என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடை கூறுவது எளிதென்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். சென்ற மாசி மாதத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் அஃது எளிதன்று என்பதை உணர்ந்தோம்.

திண்ணையில் எழுந்த கேள்வி

ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலைக்கு அணித்தாக உள்ள ஒரு சிற்றூருக்குச் சங்க வேலையாகச் சென்றிருந்தோம். நாம் போய்ச் சேர்ந்த வீட்டில் தறியின் ஓசை கேட்கவில்லை. தார் சுற்றும் இராட்டினமும் சும்மா இருந்தது. வீட்டுக்குரிய அம்மையார் கொல்லையில் ஒரு கொடாப்பின் அருகே குந்தியிருந்தார். அவருடைய பதினொரு கோழிகளில் மூன்று நோயுற்றிருந்தன. ஒரு பெட்டையின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருத்த கொப்புளங்கள் பொரிந்திருந்தன. மற்றொரு பெட்டையும் ஒரு சேவலும் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தூங்கி விழுந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன.

அம்மையாருக்கு அதற்குள் மூன்று யோசனைகள் கிடைத்திருந்தன. பக்கத்து வீட்டார் பூண்டும் மிளகும் அரைத்துப் புகட்டச் சொன்னார்கள். வீட்டுக்காரர், சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்துவிடலாம் என்றார். ஊர் ஊராக வண்டியில் வந்து கோழி பிடிக்கும் வியாபாரி ஒருவர், பதினொன்றையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகவும், மாலையில் திரும்பி வருவதாகவும் சொல்லிச் சென்றிருந்தார். நல்ல கோழிகளாக இருந்தால் அதைப் போல இரு மடங்கிற்கு மேல் பெறும். ஆயினும், நாளை செத்துக் கிடக்கப் போகும் கோழிக்கு இன்று கிடைக்கும் இரண்டாயிரம் சிறிய தொகையன்று.

"ஏனுங்க ஐயா, மருந்து குடுத்துப் பாக்கறதுங்களா, இல்லை, வித்துப்போட்டுத் தலை முழுகறதுங்களா?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

நாம் விடை கூறவில்லை. கூறும் தகுதி நமக்கு இல்லை. "அம்மா, மாலை வரையில் நேரம் இருக்கிறது. கால்நடை மருந்தகத்திற்குப் போய்க் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்" என்று மட்டும் சொன்னோம். கோழிகளை எடுத்துச் செல்லாமல் ஆளாக மட்டும் சென்றோம். நோயுற்ற பறவையைப் பேருந்தில் வைத்துக்கொண்டு போவது, வழிநெடுக நோயை விதைத்துச் செல்வதாகும்.

மருத்துவர் கேட்டவை

மருத்துவர் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கேள்விகளைத் தொடுத்தார். எத்தனை கோழிகள், எத்தனை நாட்களில் நோயுற்றன? அண்மையில் வெளியிலிருந்து கோழி ஏதேனும் வாங்கப்பட்டதா? கழிச்சல் எந்த நிறம்? இரையும் நீரும் எடுக்கின்றனவா? தடுப்பூசி போட்டதுண்டா?

அம்மையாரின் விடைகளில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. பன்னிரண்டு நாட்களுக்கு முன் வாரச் சந்தையில் ஒரு வெடைக்கோழியை மலிவாக வாங்கி வந்திருக்கிறார். அது நான்கு நாட்களுக்கு முன் செத்துப்போயிற்று. அதை ஊர்க்கோடிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டார். இது முதற் செய்தி. மாசி பிறக்குமுன் ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தபோது, "அவங்க வந்த நேரத்துக்குக் கோழியெல்லாம் மேயப் போயிருச்சுங்க" என்பது இரண்டாவது செய்தி.

மருத்துவர் உடன் வந்து பார்த்தார். கொப்புளம் கண்ட பெட்டைக்கு அம்மை என்றார். மற்ற இரண்டுக்கும் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம் என்றார். "இருக்கலாம்" என்றே சொன்னார். "அதுதான்" என்று சொல்லவில்லை. கண்ணால் கண்டு இந்நோயை முடிவு கட்ட இயலாது என்பதையும் விளக்கினார். சாகும் தறுவாயில் இருந்த பெட்டையை, மாவட்டத்திலுள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவின் சோதனைக்கென்று தக்க காப்புடன் தாமே எடுத்துச் சென்றார். சோதனையின் முடிவு பின்னர் வந்தது. அவர் ஐயுற்றவாறே அது வெள்ளைக் கழிச்சல்தான்.

வெள்ளைக் கழிச்சல் என்னும் கொடு நோய்

இந்நோயின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரை அடுத்தும், ஜாவாத் தீவிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயத்தின் குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் இதே நோய் கண்டறியப்பட்டது. ஆகவே, உலகத்தார் இதை நியூகாசில் நோய் என்றும், நம் நாட்டார் இராணிக்கேட் நோய் என்றும் வழங்குகின்றனர். நம் வீட்டுப் பெண்கள் வைத்த பெயர் வெள்ளைக் கழிச்சல். அதே குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் உருவாக்கப்பட்ட தடுப்பு மருந்தின் வழிவந்ததே, எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு இன்றும் இறக்கையின் கீழ்ப் போடப்படும் ஊசி மருந்து.

இதை உண்டாக்குவது நச்சுயிரி. நச்சுயிரியைக் கொல்லும் மருந்து கோழிக்கு இல்லை. தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்துவிட்டால் பத்தில் எட்டோ ஒன்பதோ மடிவதும் உண்டு. தப்பிப் பிழைத்தவையும் கழுத்து முறுகியும் கால் இழுத்தும் திரிவதைப் பலரும் கண்டிருப்பர். அவை சில வாரங்கள் வரையில் தம் எச்சத்தின் வழியே நோயைப் பரப்பவும் கூடும். நோய் உட்புகுந்து வெளிப்படுவதற்கு இரண்டு நாள் முதல் பதினைந்து நாள் வரையில் ஆகலாம். சந்தையில் துள்ளித் திரிந்த வெடைக்கோழி, வீட்டிற்கு வந்து எட்டாம் நாள் சாவதன் காரணம் இதுவே.

மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரைகளை வாங்கிப் பொடித்துப் புகட்டும் பழக்கம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. இது வீண் செலவு, அதனினும் தீங்கு. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் நச்சுயிரியை ஒன்றும் செய்வதில்லை. மாறாக, அவற்றின் எச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் தங்குகிறது. அடிக்கடி அம்மருந்தைக் கண்டு பழகிய கிருமிகள், மனிதருக்கு நோய் வரும்போது மருந்துக்கு அடங்குவதில்லை. மனிதருக்குக் கடைசி நம்பிக்கையாக உள்ள கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் தடை செய்ததும் இக்காரணம் பற்றியே.

எவற்றிற்கு மருந்து?

அவ்வாறாயின், சீக்குக் கோழி அனைத்தையும் கொன்றுவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. அவ்வாறு செய்வது, அறுந்த இழைக்கு முடிச்சுப் போடாமல் பாவையே அறுத்தெறிவதை ஒக்கும். கோழிக்கு வரும் துன்பங்களில் பல, மருந்துக்கும் கவனிப்புக்கும் அடங்குபவை.

குடற்புழு, பேன், செல் ஆகியவற்றால் மெலிந்த கோழியைக் கொல்வது அறியாமை. அதற்குரிய மருந்தும், கூட்டைச் சுண்ணாம்படித்துத் துப்புரவு செய்வதும் போதும். மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகளை வருத்தும் இரத்தக் கழிச்சல், ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. முதல் நாளிலேயே கண்டுகொண்டு, மருத்துவர் தரும் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்து, தரையை உலர வைத்தால் பெரும்பாலான குஞ்சுகளைக் காப்பாற்றலாம். காலில் முள் தைத்துப் புண்ணானது, முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டது, கழுத்துப் பையில் இரை கட்டிக்கொண்டது ஆகியவை நோய்கள் அல்ல, நோவுகள். இவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. பறவைக்கு வயது இருந்து, நமக்குப் பொறுமையும் இருந்தால் பார்த்துவிடலாம்.

அம்மை நோயும் நச்சுயிரியால் வருவதுதான். எனினும், தோலில் மட்டும் கண்ட அம்மை பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் தானே ஆறிவிடும். கொசுக்களும் நெருங்கிய தொடர்பும் அதைப் பரப்புகின்றன. ஆதலால் அப்பெட்டையைத் தனிக் கொடாப்பில் வைத்து, கொசு அண்டாமல் துணி போர்த்தி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கண்ணைக் கொதித்தாறிய உப்புநீரால் துடைத்துவிடும்படி மருத்துவர் கூறினார். பொருக்கை உரித்தல் ஆகாது. உதிர்ந்த பொருக்கை எரித்துவிட வேண்டும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் புண் படர்ந்து மூச்சு திணறுமானால் பிழைப்பது அரிது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இடைப்பட்ட நோய்களும் உண்டு. முகம் வீங்கி, மூக்கில் துர்நாற்றமுள்ள சளி ஒழுகும் நோய்க்கு மருந்து உண்டு, கோழியும் தேறிவிடும். ஆனால் தேறிய கோழி நோயைத் தன்னுள் சுமந்துகொண்டே திரியும். புதிதாக வாங்கி விடும் குஞ்சுகளுக்கெல்லாம் அது நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, அத்தகைய கோழியைத் தேற்றினாலும் புதிய கோழிகளோடு சேர்க்கலாகாது. இவ்வாறே, ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு கிடக்கச் செய்யும் மாரெக் நோய்க்கு மருந்தே இல்லை. குஞ்சு பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசிதான் அதற்குக் காப்பு. அந்நோய் கண்ட பறவையை நாட்கணக்கில் கிடக்க விடுவது இரக்கம் ஆகாது.

முடிவு செய்ய ஐந்து கேள்விகள்

மருத்துவர் சொல்லியவற்றையும் நாம் கண்டவற்றையும் தொகுத்துப் பார்த்தால், ஐந்து கேள்விகள் நமக்குத் துணை நிற்கும் என்று தோன்றுகிறது.

முதலாவது: நோயுற்றது ஒன்றா, பலவா? ஒன்று மட்டுமாயின் நின்று பார்க்க நேரம் உண்டு. ஓரிரு நாட்களில் பல விழுந்தால், தாமதம் ஊருக்கே கேடு.

இரண்டாவது: நோய்க்கு மருந்து உண்டா? இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவது கடைக்காரருக்கே வரவு.

மூன்றாவது: தேறிய பின்னும் அது பிறவற்றிற்கு நோய் தருமா? தருமாயின், ஒன்றைக் காப்பது பத்தை இழப்பதாகும்.

நான்காவது: தனியே வைத்துப் பேண இடமும் ஆளும் உண்டா? பொதுத் தண்ணீர்த் தொட்டியில் குடிக்கும் சீக்குக் கோழிக்கு மருந்து கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே.

ஐந்தாவது: அந்த உயிர் படும் துன்பம் எத்தகையது? இரண்டு நாளாக இரையும் நீரும் எடாமல், எழுந்து நிற்க மாட்டாமல் கிடக்கும் பறவையை, நம் மனம் பொறாமையினால் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது நியாயமாகுமா?

இந்த ஐந்திற்கும் அப்பாற்பட்ட நிலை ஒன்று உண்டு. பல கோழிகள் திடீரென மடிந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து தலை வீங்கினாலோ, அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். நம் நாட்டில் அந்நோய் முதன்முதல் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் உறுதி செய்யப்பட்டது. அது மனிதரையும் தொற்றக்கூடியது. தொடக்கத்தில் வெள்ளைக் கழிச்சலிலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. அந்நிலையில் மருந்து கொடுப்பதா, கொல்வதா என்னும் கேள்வி நம்முடையதன்று. பறவையைத் தொடாமல், அறுக்காமல், மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவது ஒன்றே நம் கடமை. மாதிரிகள் போபாலிலுள்ள உயர் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் சோதிக்கப்பட்டு, நோய் உறுதியானால் அரசினரே சுற்றுப்புறத்துக் கோழிகளை அழிப்பர்; அவ்வாறு அழிக்கப்படும் கோழிகளுக்கு இழப்பீடு வழங்கும் முறையும் உண்டு. அறுத்துக் குழம்பு வைக்கும் யோசனையை மருத்துவர் மறுத்ததும் இதனால்தான். நோய் இன்னதென்று தெரியாத நிலையில், இரத்தமும் இறகும் கொல்லையெங்கும் சிதறுவது பேராபத்து.

நேர்ந்துவிட்ட சேவல்

இனி, அந்தச் சேவலின் கதைக்கு வருவோம். மருத்துவர் அதைக் கொன்றுவிடும்படி கூறியதும் வீட்டில் பெரியதொரு தடை எழுந்தது. அது கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். "சாமிக்கு விட்டதைக் குழியில போடறதா? குடும்பத்துக்கு ஆகுமா?" என்று மாமியார் மனம் கலங்கினார். அந்தக் கலக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பேரன் காய்ச்சலில் கிடந்தபோது அவர் நேர்ந்துகொண்ட நேர்த்தி அது.

மருத்துவரும் அவரோடு வழக்காடவில்லை. "நீங்களே சொல்லுங்கள், அம்மா. ஊனமுள்ளதைச் சாமிக்குக் கொடுப்பது உண்டா?" என்று மட்டும் கேட்டார். கிழவியார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் உள்ளே சென்று ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்தின் அருகில் வைத்தார். வேறொரு சேவல் வளர்த்து விடுவதாக வேண்டிக்கொண்டு, "ஆகட்டும், கொண்டு போங்க சாமி" என்றார்.

கொல்வதென்று துணிந்தபின் அதை விரைவாகவும் துன்பமின்றியும் செய்தல் வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர் ஒரே இழுப்பில் கழுத்தெலும்பைப் பிரித்துவிடுவார், இரத்தம் சிந்தாது. பழக்கம் இல்லாதவர் முயன்று பார்ப்பது கொடுமை. கால்நடை மருந்தகத்தாரின் உதவியை நாடுவதே முறை. வீட்டுக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், நாய் தோண்டாத அளவுக்கு மூன்று அடிக்கு மேல் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே முள் போட்டார்கள். பழைய மூங்கில் கொடாப்பும் எருவும் எரிக்கப்பட்டன. கூட்டை முதலில் சுரண்டிச் சோப்பு நீரால் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி தெளித்தார்கள். அழுக்கின் மேல் தெளிக்கும் மருந்துக்கு வலிமை இல்லை என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம்.

மாலையில் வந்த வியாபாரி

பொழுது சாயும் வேளையில் வியாபாரி வந்தார். எஞ்சியிருந்தவை அம்மை கண்ட பெட்டையும், நோய்க் குறி ஒன்றும் தெரியாத எட்டுக் கோழிகளும். அந்த எட்டையும் ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். அவற்றில் எத்தனைக்கு நோய் உள்ளே புகுந்திருக்கிறது என்பதை எவரும் அறியார். அம்மையார் அறியார், வாங்குபவர் அறிவதற்கில்லை.

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அதன் அட்டவணையில் கண்ட நோய்களைப் பற்றி உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்நோய் கண்டதாகத் தெரிந்த உயிரைச் சந்தைக்குக் கொண்டுவரலாகாது என்றும் விதிக்கிறது. நம் வெள்ளைக் கழிச்சலும் அந்த அட்டவணையில் உண்டு. ஆயினும், அந்தத் திண்ணையில் நின்றபோது சட்டத்தைப் பேச நமக்கு நா எழவில்லை. ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அவர்களுக்கு எத்தனை நாள் உழைப்பு என்பதை நாம் அறிவோம். இழப்பது அவர், அறிவுரை கூறுவது நாம்.

அம்மையார் வியாபாரியிடம் கேட்டார்: "இதுகளை எங்கீங்க கொண்டு போவீங்க?"

"அடுத்த சந்தையில வித்துருவேனுங்க."

"எனக்கும் சந்தையிலதானுங்க ஒருத்தர் வித்தாரு," என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வாழைத் தோட்டமுடைய உறுப்பினர்கள் முடிக்கொத்து நோய் கண்ட கன்றை அடியோடு தோண்டி அழிக்கிறார்கள். அந்தக் கன்றைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நடுவதற்கு விற்பதில்லை. கோழியில் மட்டும் இந்த நியாயம் மாறிவிடலாமா?

சங்கம் செய்யக்கூடியது

எட்டுக் கோழிகளில் மூன்று, அடுத்த பத்து நாட்களில் நோயுற்றன, அவற்றையும் புதைத்தார்கள். ஐந்து பிழைத்தன. அம்மை கண்ட பெட்டையும் தேறியது. பதினொன்றில் ஆறு மிஞ்சின. வியாபாரியின் பணமும் வரவில்லை. கணக்குப் பார்த்தால் அது நட்டமே. அதை மூடி மறைத்து, நன்மையே விளைந்தது என்று எழுதுவது அந்தக் குடும்பத்திற்குச் செய்யும் அநீதி ஆகும்.

ஆனால் அந்த நட்டம் ஒரு வீட்டார் மட்டும் தாங்க வேண்டிய நட்டமா என்பதே நம் கேள்வி. தடுப்பூசி போட்டிருந்தால் பெரும்பாலும் நேர்ந்திராத இழப்பு அது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும் கோடைக்கு முன்னர், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், இந்நோய்க்கான தடுப்பூசி முகாமை நடத்தி வருகின்றனர். இருந்தும், முகாம் வந்த வேளையில் கோழி மேயப் போய்விடுகிறது. முகாம் இல்லாத காலத்தில் தாமே வாங்கிப் போடலாம் என்றாலோ, ஒரு புட்டியில் குறைந்தது நூறு கோழிகளுக்கு உரிய மருந்து இருக்கிறது. அதைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். நீர் கலந்துவிட்டால் ஓரிரு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழி வைத்திருப்பவர் என் செய்வார்? தொண்ணூற்றிரண்டு கோழிக்கான மருந்தை மண்ணில் கொட்டுவாரா?

தனியொருவர்க்கு இயலாதது பலர் கூடினால் எளிதாகும் என்பதுதானே கூட்டுறவின் அடிப்படை? பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்தால் நூறு கோழிகள் ஆகிவிடும். ஆகவே, ஒவ்வொரு தொடக்கச் சங்கமும் பின்வருவனவற்றை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

உறுப்பினர் வீடுகளிலுள்ள கோழிகளின் எண்ணிக்கையைத் தெருவாரியாக எழுதி வைத்தல் வேண்டும். முகாம் நாளை முந்தின மாலையே வீடுதோறும் அறிவித்து, இரவில் அடைத்த கோழிகளை விடியலில் திறவாமல் வைத்திருக்கச் செய்தல் வேண்டும். முகாமுக்கு ஒரு வாரம் முன்னரே குடற்புழு மருந்து கொடுத்துவிடுதல் நலம். குஞ்சு பொரித்த வீடுகளின் பட்டியலைத் தனியே வைத்து, முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்துக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரமேனும் தனியே கட்டி வைக்கும் வழக்கத்தைப் பரப்புதல் வேண்டும். நோய் கண்ட வீட்டார், கடைசிக் கோழி நோயுற்றதிலிருந்து ஒரு மாதமேனும் புதிய கோழி வாங்காதிருத்தல் வேண்டும். இறுதியாக, சீக்குக் கோழியை விற்காமல் புதைத்த குடும்பத்திற்கு, நோய் நீங்கிய பின்னர், மற்ற உறுப்பினர்கள் ஆளுக்கொரு குஞ்சு கொடுத்துதவும் வழக்கத்தை ஏற்படுத்தலாகாதா? இதற்குச் சட்டமும் வேண்டுவதில்லை. சங்கத்தின் பணமும் வேண்டுவதில்லை.

சித்திரை இறுதியில் மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. முன்னமே இவர் கோழிகளோடு கலந்து மேய்ந்த அடுத்த வீட்டுக் கோழிகளில் இரண்டு செத்திருந்தன. மருத்துவர் அந்த வாரமே தெரு முழுவதிலும், நோய்க் குறி இல்லாத கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட்டிருந்தார். அப்பால் நோய் பரவவில்லை. அம்மை வடு மாறாத பெட்டை ஒரு மூலையில் அடைகாத்துக்கொண்டிருந்தது. "பதிமூணு முட்டை வெச்சிருக்கறேனுங்க ஐயா, பொரிச்சதும் சொட்டு மருந்துக்குச் சொல்லி விடோணும்" என்றார் அம்மையார். கிழவியார் நம்மைக் கண்டதும், "அதுல ஒரு சேவக் குஞ்சு கருப்பராயனுக்குங்க" என்று நினைவூட்டினார்.

அடுத்த முகாமுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தெருவாரிப் பட்டியலை இம்மாதமே எழுதத் தொடங்குமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.